தொடங்கிய புத்தகத்தை எழுதி முடிப்பது எப்படி?

புத்தகம் எழுத வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருப்பவர்களிடம் ஏன் தொடங்கவில்லை என்று கேட்டால், நேரமில்லை என்பார்கள். முப்பது பக்கம் எழுதிவிட்டு நிறுத்தியவர்களிடம் கேட்டால், எழுதும் மனநிலை வரவில்லை என்பார்கள். இரண்டுமே பொய்யில்லை. ஆனால் நேரமும் மனநிலையும் சேர்ந்து அமைந்த விடுமுறை நாளிலும் அவர்களில் பலர் எழுதுவதில்லை.

எழுத்து நின்றுபோன இடத்தை உற்றுப் பார்த்தால், பெரும்பாலும் அங்கே எடுக்கப்படாத ஒரு முடிவு கிடக்கும். இது யாருக்கான புத்தகம், கதை எங்கே முடிகிறது, யார் குரலில் சொல்வது, இந்த அத்தியாயத்தில் என்ன மாறுகிறது என்பது போன்ற ஏதோ ஒன்று. அதை முடிவு செய்யாமல் அடுத்த வாக்கியத்தைத் தேடுவதால்தான் மணிக்கணக்கில் உட்கார்ந்தும் ஒன்றும் நகர்வதில்லை. ஆகவே எங்கே நின்றாலும், "இங்கே நான் எதை இன்னும் முடிவு செய்யவில்லை?" என்று முதலில் கேளுங்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த முடிவுகளை எந்த வரிசையில் எடுப்பது, எவற்றைத் துணிந்து தள்ளிப்போடுவது என்பதைப் பற்றியது.

எழுதும் முன் ஒரு வாரம்

முதல் வாரத்தில் அத்தியாயம் எதையும் எழுத வேண்டாம். ஒரு தாளில் நான்கு விஷயங்களை மட்டும் எழுதுங்கள். நாவல் என்றால்: மையப் பாத்திரம் யார், அவருக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, கிடைக்காவிட்டால் எதை இழப்பார். கட்டுரை நூல் என்றால்: யார் படிப்பார், அவர் மனதில் இருக்கும் கேள்வி என்ன, உங்கள் பதில் என்ன, புத்தகத்தை மூடியபின் அவரால் புதிதாக என்ன செய்ய முடியும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் போதும். "எல்லோரும் படிக்கலாம்" என்பது பதிலாகாது. "முதன்முறையாகத் தோட்டம் போடுபவர், மாடியில் இடம் உண்டு, மண்ணைப் பற்றி எதுவும் தெரியாது" என்பது பதில். இந்த அளவுக்குக் குறுக்கினால்தான் எதை விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகத் தெரியும். வாசகரைத் தீர்மானிக்காமல் எழுதும் கட்டுரை நூல்கள் முதல் அத்தியாயத்திலேயே தேங்கிவிடுகின்றன. ஒரு பத்தி நிபுணரிடம் பேசும், அடுத்த பத்தி ஒன்றும் தெரியாதவரிடம் பேசும். எழுதுபவருக்கே அது உறுத்தும், ஆனால் ஏனென்று பிடிபடாது.

அடுத்தது புத்தகத்தின் முடிவு. கடைசி அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்பதை ஐந்து வரியில் எழுதிவையுங்கள். எழுதும்போதே கதை தன்னைக் கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விரும்புகிறவர்கள் உண்டு. அப்படி எழுதி முடிப்பவர்களும் உண்டு. ஆனால் முதல் புத்தகத்திலேயே அந்த வழியில் இறங்குகிறவர்கள் பாதியில் நிற்பதற்கான வாய்ப்பு அதிகம் என்பது எங்கள் கருத்து. எழுதிவைத்த முடிவு பின்னால் மாறினாலும் பரவாயில்லை, இன்று நடப்பதற்கு ஒரு திசை இருந்தால் சரி.

அளவையும் இப்போதே நிர்ணயித்துவிடுங்கள். வழக்கமான அச்சுப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 200 தமிழ்ச் சொற்கள் வரும் என்று வைத்துக்கொண்டால், 200 பக்க நூலுக்கு 40,000 சொற்கள் தேவை. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்காகச் சொல்லப்படும் சொல் எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொள்வதால் அதே விஷயம் தமிழில் குறைவான சொற்களில் அடங்கிவிடும். 40,000 சொற்களைப் பன்னிரண்டு அத்தியாயங்களாகப் பிரித்தால் ஒன்றுக்குச் சுமார் 3,300. புத்தகம் என்ற பெரிய சொல் மிரட்டும், 3,300 சொல் கட்டுரை அவ்வளவு மிரட்டாது.

நாள் கணக்கு

ஒரு நாளைக்கு ஆயிரம் சொல் என்று தொடங்குபவர்கள் இரண்டாவது வாரத்தில் காணாமல் போகிறார்கள். இலக்கை ஆசையிலிருந்து எடுத்ததுதான் காரணம். உங்கள் வேகத்தை அளந்து அதிலிருந்து எடுங்கள். ஐந்து நாட்கள், தினமும் 25 நிமிடம், எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதி, சொற்களை எண்ணுங்கள். ஐந்து நாளில் மொத்தம் 1,200 வந்தால் சராசரி 240. அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 160, உங்கள் அன்றாட இலக்கு. சோர்வான நாளிலும் எட்டிவிடக்கூடிய எண்ணாக அது இருக்க வேண்டும். நல்ல நாளில் இலக்கைத் தாண்டிப் போவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

வேறொருவரின் அன்றாட இலக்கு 300 சொல் என்றால், வாரம் ஐந்து நாள் எழுதினால் 1,500. 40,000 சொற்களுக்கு 27 வாரங்கள். இதோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டி 36 வாரங்கள் என்று நாட்காட்டியில் குறியுங்கள். மனிதர்கள் தங்கள் வேலை முடியும் காலத்தைத் தொடர்ந்து குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் 'திட்டமிடல் பிழை' என்று பெயரிட்டு விளக்கினார்கள். காய்ச்சல், விருந்தாளி, அலுவலக நெருக்கடி எதையும் நாம் திட்டத்தில் சேர்ப்பதில்லை. சேர்க்காததால், அவை வந்ததும் "நான் பின்தங்கிவிட்டேன்" என்ற எண்ணம் வருகிறது. பலர் அந்த எண்ணத்தினால்தான் கைவிடுகிறார்கள். முன்பே கூட்டிவைத்த ஒன்பது வாரங்கள் இதற்குத்தான்.

நேரத்தையும் இடத்தையும் பொதுவாகச் சொல்லாதீர்கள். "தினமும் எழுதுவேன்" என்ற உறுதியைவிட, "காலை காபி குடித்து முடித்ததும், சன்னலோர மேசையில், 25 நிமிடம்" என்ற ஏற்பாடு நெடுநாள் நிற்கும். எப்போது, எங்கே, என்ன என்று முன்கூட்டியே வரையறுத்துக்கொள்பவர்கள் சொன்னதைச் செய்து முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகளில் வெளிப்பட்டது. ஏற்கெனவே தினமும் தவறாமல் நடக்கும் ஒரு செயலோடு எழுதுவதைக் கட்டிவிடுங்கள். கடிகார நேரம் தவறலாம், காபி தவறாது.

இடையில் ஒரு நாள் விட்டுப்போனால், மறுநாள் இரட்டிப்பாக எழுதி ஈடுகட்ட முயல வேண்டாம். 160 சொல்லே கடினமாக இருந்த ஒருவருக்கு 320 என்றால் அந்த நாளும் போகும், அதற்கடுத்து 480 நிற்கும். விட்டது விட்டதுதான். அன்றைய இலக்கு எப்போதும் அன்றையது மட்டும்.

முதல் பக்கம் வராவிட்டால்

முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நாவலில் உங்களுக்கு மிகத் தெளிவாகத் தெரிகிற காட்சி எதுவோ, கட்டுரை நூலில் நண்பர்களிடம் எதை அடிக்கடி விளக்கியிருக்கிறீர்களோ, அங்கே ஆரம்பியுங்கள். தொடக்க வரிகள் முழுப் புத்தகத்துக்குமான வாக்குறுதி. புத்தகமே இன்னும் இல்லாதபோது அதை எழுதுவது கடினம், எழுதினாலும் கடைசியில் மாற்ற வேண்டிவரும். முன்னுரையை எல்லாம் முடிந்தபின் எழுதலாம்.

விரல் ஓடவில்லை என்றால் பேசுங்கள். கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, எதிரே ஒருவர் இருப்பதாக நினைத்துப் பத்து நிமிடம் அந்தக் காட்சியைச் சொல்லுங்கள். பிறகு கேட்டு எழுதுங்கள். குரல்வழித் தட்டச்சையும் பயன்படுத்தலாம். பேச்சு வழக்கில் சொன்னால் அதில் பிழைகள் கூடும், நிறுத்தற்குறிகளையும் பெரும்பாலும் நீங்களே இட வேண்டியிருக்கும். அதனால் அப்படி வந்ததைக் கச்சாப் பொருளாக மட்டும் கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுகிறவர்களை முதல் பக்கத்திலேயே முடக்குவது இன்னொன்றும் உண்டு: எந்தத் தமிழில் எழுதுவது என்ற தயக்கம். வாயால் சொல்லும்போது கதை உயிரோடு வருகிறது. எழுத உட்கார்ந்ததும் "அவன் அவ்விடத்தை நோக்கி விரைந்தனன்" என்பது போல எங்கோ போய்விடுகிறது. எழுதியவருக்கே பிடிக்காமல் அழிப்பார், மறுபடி அதே நடையில் எழுதுவார். இதுவும் எடுக்கப்படாத ஒரு முடிவுதான், ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம். ஒரே காட்சியை மூன்று விதமாக, ஒவ்வொன்றும் அரைப் பக்கம் எழுதுங்கள். ஒன்றில் கதைசொல்லலும் உரையாடலும் எளிய எழுத்துத் தமிழில். இன்னொன்றில் கதைசொல்லல் எழுத்துத் தமிழில், உரையாடல் மட்டும் பாத்திரத்தின் வட்டார வழக்கில். மூன்றாவதில் 'நான்' என்று ஒரு பாத்திரமே, தன் பேச்சு வழக்கிலேயே முழுவதையும் சொல்வது. மூன்றையும் உரக்கப் படியுங்கள். எது வாயில் தடுக்காமல் ஓடுகிறதோ அதை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் மூடிவையுங்கள். முதல் முறையாக எழுதுபவருக்கு இரண்டாவது வழி பெரும்பாலும் பொருந்தும். மூன்றாவது மிக அழகாக வரக்கூடியது. ஆனால் வட்டார வழக்கை எப்படி எழுத்தில் எழுதுவது என்று ஒவ்வொரு வரியிலும் முடிவெடுக்க வேண்டிவரும். ஒரே சொல் "போயிட்டு", "போய்ட்டு" என்று பக்கத்துக்குப் பக்கம் மாறிப்போகும். அந்த வழியைத் தேர்ந்தால் நீங்கள் பயன்படுத்தும் வடிவங்களை ஒரு தனித் தாளில் பட்டியலிட்டு அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒற்றுப்பிழை பயமும் இதே வகை. "அதை பார்த்தேன்" என்பதில் 'ப்' வர வேண்டுமா என்று யோசிக்க நின்றால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் காத்திருந்த நான்கு வாக்கியங்கள் கலைந்துவிடும். வர வேண்டும்தான், "அதைப் பார்த்தேன்" என்பதே சரி. ஆனால் அதைச் சரிசெய்யும் நாள் இன்று இல்லை. முதல் வரைவில் ஒற்று, எழுத்துப்பிழை, சொல் திரும்ப வருவது எதையும் தொடாதீர்கள்.

கணினியில் எழுதுவதானால், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் எழுதுங்கள். பழைய எழுத்துருக்களில் எழுதிய கோப்புகள் வேறு கருவியில் திறக்கும்போது குழம்பிவிடும், மாற்றும்போது எழுத்துகள் சிதையும். தட்டச்சு மெதுவாக இருந்தால் நோட்டில் எழுதி, தினமும் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வழியானாலும் பிரதி இரண்டு இடங்களில் இருக்கட்டும். கோப்புப் பெயரில் தேதி இருக்கட்டும்.

ஒவ்வொரு நாளும் உட்காரும்போது

நேற்று எழுதியதில் கடைசி ஒரு பக்கத்தை மட்டும் படியுங்கள். தொடக்கத்திலிருந்து படிக்கக் கூடாது. முதலிலிருந்து படிப்பவர் திருத்தத் தொடங்குவார். நாற்பது முறை மெருகேறிய முதல் அத்தியாயமும், பிறக்காத ஐந்தாவது அத்தியாயமும்தான் அதன் விளைவு.

எழுதும் நேரத்தில் தகவல் தேடப் போகாதீர்கள். அந்த வருடம் என்ன பேருந்து ஓடியது, அந்த மருந்தின் பெயர் என்ன என்று தெரியாவிட்டால், அந்த இடத்தில் @@ என்று இரண்டு குறி இட்டுக் கடந்து போங்கள்: "@@பேருந்து வந்து நின்றது." வேறெங்கும் இயல்பாக வராத குறி என்பதால், பின்னால் தேடினால் எல்லா இடங்களும் வரிசையாகக் கிடைக்கும். வாரத்தில் ஒரு நாள், எழுதும் நேரத்துக்கு வெளியே, அவற்றைத் தீர்க்கலாம். தேடப் போனவர் திரும்பி வரும்போது 25 நிமிடம் முடிந்திருக்கும், தேடலும் எழுதிய மாதிரியான ஒரு திருப்தியைத் தந்திருக்கும். ஆராய்ச்சியிலேயே ஆண்டுகளைக் கழித்துவிட்டுப் பக்கம் எதுவும் இல்லாமல் நிற்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள்.

நிறுத்தும்போது, சொல்வதற்கு இன்னும் இருக்கும்போதே நிறுத்துங்கள். எழுந்திருக்கும் முன் அடுத்து என்ன நடக்கும், அதில் யார் இருப்பார்கள், முதல் வாக்கியம் எது என்று மூன்று வரி குறித்துவையுங்கள். இந்த ஒரு பழக்கம் மட்டும் படிந்தாலே மறுநாள் தொடங்கும் சிரமம் பாதியாகக் குறையும்.

நடுவில் நிற்கும் இடம்

பல புத்தகங்கள் மூன்றில் ஒரு பங்கு தாண்டிய பிறகுதான் நிற்கின்றன. தொடங்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருந்ததெல்லாம் அதற்குள் எழுதித் தீர்ந்திருக்கும். இனி வருவது நீங்கள் யோசிக்காத பகுதி. அந்த நேரத்தில் மூன்று எண்ணங்கள் வரும்: இதுவரை எழுதியது மோசம், வேறொரு கதை இதைவிட நன்றாக இருக்கிறது, முதலிலிருந்து திருத்தி எழுதினால் சரியாகிவிடும். மூன்றும் அடுத்த பகுதியை யோசிப்பதிலிருந்து தப்பிக்கும் வழிகள்.

இரண்டு மூன்று நாட்களுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டு அட்டைகளை எடுங்கள். ஒரு அத்தியாயத்துக்கு ஒரு அட்டை. எழுதியதற்கும் எழுதப்போவதற்கும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஒரே வாக்கியம்: அத்தியாயம் தொடங்கும்போது இருந்த நிலை எப்படி மாறி முடிகிறது? "குமார் அம்மாவைப் பார்க்கப் போகிறான்" என்பது மாற்றமல்ல. "வீட்டை விற்கக் கூடாது என்று சொல்லப் போன குமார், கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறான்" என்பது மாற்றம். கட்டுரை நூலில் கேள்வி சற்றே வேறு: இந்த அத்தியாயத்துக்கு முன் வாசகருக்குத் தெரியாத எது இப்போது தெரிகிறது? மாற்றம் எழுத வராத அட்டையைப் பக்கத்து அட்டையோடு சேருங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். இப்படிச் செய்தால் பன்னிரண்டு அத்தியாயங்கள் பத்தாவது வழக்கமே, புத்தகமும் அதனால் நன்றாகவே ஆகும்.

பிறகு கடைசி அத்தியாயத்தை இப்போதே எழுதிவிடுங்கள். சுமாராக வந்தால் போதும். சேர வேண்டிய இடம் கையில் வந்துவிட்டால் நடுப்பகுதியின் வேலை தெளிவாகிவிடும்: இங்கிருந்து அங்கே போக என்னென்ன நடந்தாக வேண்டும் என்பது மட்டும்தான் கேள்வி. புதிதாகத் தோன்றிய கதையை ஒரு நோட்டில் ஒரே ஒரு பக்கம் எழுதி மூடிவையுங்கள். மறந்துவிடுமோ என்ற பதற்றம் அதோடு தணியும். இரண்டாம் பக்கத்துக்குப் போகக் கூடாது.

பத்து நாட்களுக்கு மேல் இடைவெளி விழுந்திருந்தால் நேராக எழுதத் தொடங்காதீர்கள். கதையின் இழை கையில் இல்லாமல் வரும் வாக்கியங்கள் செத்திருக்கும், அவற்றைப் பார்த்து இன்னும் பத்து நாள் போகும். முதல் நாளில், இதுவரை எழுதியதையெல்லாம் பேனா எடுக்காமல் படித்து, அத்தியாயத்துக்கு ஒரு வரி குறிப்பு எழுதுங்கள். இரண்டாம் நாள் நூறு சொல் மட்டும். மூன்றாம் நாளிலிருந்து பழைய இலக்கு.

எல்லா நிறுத்தமும் முடிவெடுக்காததால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உடல்நலக் குறைவு, வீட்டில் ஒரு மரணம், தூக்கமில்லாத கைக்குழந்தைக் காலம் ஆகியவற்றுக்கு அட்டைகள் மருந்தாகாது. தேதியைத் தள்ளிவைத்து, திரும்பும் நாளைக் குறித்துவிட்டு, குற்றவுணர்வில்லாமல் விலகியிருங்கள். உண்மையிலேயே கைவிட வேண்டிய புத்தகங்களும் உண்டு. அட்டைகளைக் கடைசிவரை எழுதிப் பார்த்தும், முடிவு தெரிந்தும், இதைச் சொல்ல வேண்டும் என்ற விருப்பமே இல்லை என்றால் விட்டுவிடலாம். ஆனால் மோசமான ஒரு நாளின் நடுவில் அதை முடிவு செய்யாதீர்கள். ஓர் அத்தியாயத்தை முடித்து, ஒரு வாரம் கழித்து முடிவு செய்யுங்கள்.

முதல் வரைவு முடிந்தபின்

மூன்று வாரங்கள் தொடாதீர்கள். பிறகு அச்செடுத்தோ, எழுத்துருவையும் அளவையும் மாற்றியோ, இரண்டு மூன்று நாட்களுக்குள் முழுவதையும் படியுங்கள். தோற்றம் மாறினால் பழகிய கண் கடந்துபோன குறைகள் தெரியவரும். படிக்கும்போது திருத்தாமல் ஓரத்தில் குறி மட்டும் இடுங்கள்: சலித்த இடத்தில் ஒன்று, குழம்பிய இடத்தில் ஒன்று, நம்ப முடியாத இடத்தில் ஒன்று.

திருத்தம் மூன்று சுற்று, பெரியதிலிருந்து சிறியதற்கு. முதல் சுற்றில் அத்தியாயங்களின் வரிசை, நீக்க வேண்டியவை, விடுபட்ட காட்சிகள். இரண்டாவதில் காட்சிகளும் பத்திகளும். மூன்றாவதில்தான் வாக்கியம், சொல், ஒற்று. இந்தச் சுற்றுகளின் வரிசையை மாற்றினால், எடுத்தெறியப்போகும் அத்தியாயத்தில் ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருப்பீர்கள். அதைவிட மோசம், அவ்வளவு உழைத்துவிட்டதால் அதை எறியவும் மனம் வராது. மூன்று சுற்று முடியும்போது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தால் நல்லது.

இரண்டாம் சுற்றுக்குப் பிறகு இரண்டு அல்லது மூன்று பேரிடம் கொடுங்கள். அதற்கு முன் யாரிடமும் காட்ட வேண்டாம். பாதியில் கேட்ட பாராட்டும் எழுத்தை நிறுத்தும், பாதியில் கேட்ட குறையும் நிறுத்தும். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். எந்தப் பக்கத்தில் கீழே வைத்தீர்கள், எதைத் தாண்டிப் போனீர்கள், எங்கே திரும்பப் படிக்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள். இருவர் ஒரே இடத்தைச் சொன்னால் அங்கே கோளாறு உறுதி. அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்கள் சொல்லும் யோசனை சரியாக இருக்க வேண்டியதில்லை.

இனி திருத்தத்தை எங்கே நிறுத்துவது? நேற்று மாற்றிய சொல்லை இன்று பழையபடி மாற்றுகிறீர்கள் என்றால் வேலை முடிந்துவிட்டது. ஆனாலும் பலர் அங்கேயே ஒரு வருடம் இருந்துவிடுகிறார்கள், ஏனென்றால் கையில் இருக்கும்வரை யாரும் குறை சொல்ல முடியாது. மூன்றாம் சுற்று தொடங்கும் அன்றே, பிரதியைப் பதிப்பாளரிடமோ, மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை) பார்ப்பவரிடமோ ஒப்படைக்கும் தேதியை அவரிடமே சொல்லிவிடுங்கள். மெய்ப்பு இன்னொருவர் பார்க்க வேண்டியது. எழுதியவர் கண் தாளில் இருப்பதைப் படிக்காது, மனதில் இருப்பதையே படிக்கும். ஒப்படைக்கும் முன் @@ குறி மீதமிருக்கிறதா என்று ஒரு முறை தேடுங்கள். பாத்திரப் பெயர்கள் எல்லா இடத்திலும் ஒரே எழுத்தில் இருக்கின்றனவா, அத்தியாய எண்கள் வரிசையாக வருகின்றனவா, பொருளடக்கத்தில் உள்ள தலைப்பும் உள்ளே உள்ள தலைப்பும் ஒன்றுதானா என்று பாருங்கள். பக்க எண் போட்டு அனுப்புங்கள்.